வினையும் வினைமுதலும்: ஆங்கில வினைவகைகளைத் தமிழ்வழி அறிதல்

நுழையும்முன்

ஒரு தொடரின் உயிர்நிலை வினைச்சொல். நடந்தது என்ன என்பதை மட்டுமன்றி, அதனைச் செய்தவர் யார், அதற்கு ஆளானது எது, எவருடைய ஏவலால் அது நடந்தது என்பவற்றையும் வினைச்சொல்லே தாங்கி நிற்கிறது. ஆங்கில வினைவகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவரும் எழுதும்போது தடுமாறுவதுண்டு. தாய்மொழியின் வினையமைப்பை ஊன்றிக் கற்றவருக்கு அத்தடுமாற்றம் குறையும். கரிசல் நில வாழ்விலிருந்து பெற்ற எடுத்துக்காட்டுகளைக்கொண்டு இருமொழி வினைகளையும் ஒப்பிடுகிறது இப்பாடம்.

கரை உடைந்தது

கோவில்பட்டியைச் சுற்றி விரிந்துகிடப்பது கரிசல் பூமி. ஈரம் பட்டால் உப்பும். வெயில் பட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆற்றுப்பாசனம் அரிதான இவ்வட்டாரத்தில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு முதலியன பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகின்றன. வடகிழக்குப் பருவமழையும் அந்நீரைத் தேக்கிவைக்கும் கண்மாயுமே இங்குள்ள உழவரின் நம்பிக்கை.

கோவில்பட்டியை உள்ளடக்கிய தூத்துக்குடி மாவட்டத்தில் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் பல இடங்களில் குளங்களும் கண்மாய்களும் உடைந்தன. இத்தகைய பேரிடர்களுக்குப் பின்னர் ஊர்களில் ஒரு வினா எழுவது இயல்பு. கரை தானாக உடைந்ததா? அல்லது எவரேனும் அதனை உடைத்தனரா? இழப்பீடு, விசாரணை, பொறுப்பு ஆகிய மூன்றும் இவ்வினாவின் விடையைச் சார்ந்தவை.

பின்வரும் நான்கு தொடர்களையும் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

1. கண்மாய்க்கரை உடைந்தது.
2. கண்மாய்க்கரையை உடைத்தனர்.
3. கண்மாய்க்கரையை ஆள்விட்டு உடைக்கச் செய்தனர்.
4. கண்மாய்க்கரை உடைக்கப்பட்டது.

நான்கிலும் நிகழ்ச்சியின் முடிவு ஒன்றே. கரை இல்லை, நீர் வெளியேறிவிட்டது. ஆயினும் நான்கும் ஒரே செய்தியைக் கூறவில்லை. முதலாவது தொடர் எவரையும் சுட்டவில்லை. இரண்டாவது, மனிதர் சிலரைச் சுட்டுகிறது. மூன்றாவது, பின்னால் நின்று ஏவியவரைச் சுட்டுகிறது. நான்காவது, செய்தவர் ஒருவர் உண்டு என்பதை உணர்த்திவிட்டு அவர் யார் என்பதைக் கூறாமல் நிற்கிறது. இந்நான்கு நிலைகளையும் பிரித்தறிவதே வினைவகைகளைக் கற்பதன் பயனாகும்.

தன்வினையும் பிறவினையும்

எழுவாய் தானே அடையும் அல்லது தானே செய்யும் தொழிலைக் குறிப்பது தன்வினை. எழுவாய் பிறிதொன்றைத் தொழிற்படச் செய்வதைக் குறிப்பது பிறவினை. 'கரை உடைந்தது' என்பது தன்வினை; 'கரையை உடைத்தனர்' என்பது பிறவினை. தமிழ் இவ்வேறுபாட்டை வினையின் வடிவத்திலேயே பொதிந்து வைத்துள்ளது. அவ்வடிவ மாற்றங்களுள் பெருவழக்காக உள்ளவை மூன்று.

முதலாவது, காலங்காட்டும் இடத்தில் மெல்லொற்று வல்லொற்றாதல். உடைந்தது, உடைத்தது, எரிந்தது, எரித்தது, வளர்ந்தது, வளர்த்தது, கரைந்தது, கரைத்தது என்பன இவ்வகையின.

இரண்டாவது, வினையடியிலேயே ஒற்று வலித்தல் அல்லது இரட்டித்தல். நிரம்பு, நிரப்பு, திரும்பு, திருப்பு, இறங்கு, இறக்கு, திருந்து, திருத்து, ஓடு, ஓட்டு, ஏறு, ஏற்று, உருகு, உருக்கு என்பன இவ்வகையின.

மூன்றாவது, வினையடியுடன் 'து' அல்லது 'த்து' முதலிய விகுதிகள் சேர்தல். உலர், உலர்த்து, நட, நடத்து, தாழ், தாழ்த்து என்பன இவ்வகையின.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யப்படும் இடத்தில் இவ்விணைகளை ஒருசேரக் காணலாம். வெல்லத்தை நீரில் கரைக்கின்றனர், அது கரைகிறது. பாகைக் காய்ச்சுகின்றனர், அது காய்கிறது. வறுத்த நிலக்கடலையைப் பாகில் சேர்க்கின்றனர். அது பாகுடன் சேர்கிறது. ஒவ்வோர் இணையிலும் ஒன்று மனிதரின் தொழில். மற்றொன்று பொருளின் மாற்றம்.

பேச்சுவழக்கிலும் இவ்வேறுபாடு அழியவில்லை. 'கரை உடைஞ்சது' என்பதற்கும் 'கரையை உடைச்சது' என்பதற்கும் இடையே எழுத்தறியாதவரும் குழம்புவதில்லை. எழுத்துவழக்கின் 'ந்த', 'த்த' என்பன இங்கு 'ஞ்ச', 'ச்ச' எனத் திரிந்து நிற்கின்றன. வடிவம் மாறியும் வேறுபாடு நிலைபெற்றுள்ளது.

தெரிந்து தெளிவோம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 'உடை-தல்' என்பதையும் 'உடை-த்தல்' என்பதையும் இரு வேறு தலைச்சொற்களாகத் தருகிறது. வினையடி ஒன்றாகத் தோன்றினும் வினைகள் இரண்டு என்பதே இதன் பொருள்.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (1923–2021), கரிசல் வட்டார மக்களின் பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதி ஆக்கினார். வட்டார வழக்கும் தனக்கெனச் சொல்வளமும் ஒழுங்கும் உடையது என்பதை இத்தகைய முயற்சிகள் உணர்த்துகின்றன.

ஆங்கிலத்தின் ஒரே வடிவம்

ஆங்கில இலக்கணம் வினைகளை டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ் என இருவகைப்படுத்தும். செயப்படுபொருளை வேண்டி நிற்பது முன்னையது, வேண்டாதது பின்னையது. தமிழில் இவற்றைச் செயப்படுபொருள் குன்றாவினை, செயப்படுபொருள் குன்றியவினை என்பர். 'எதை?', 'யாரை?' என்னும் வினாவுக்கு விடை தருவது குன்றாவினையாகும்.

இப்பகுப்பு இருமொழிக்கும் பொதுவானது. ஆனால் அதனை வெளிப்படுத்தும் முறை வேறு. ஆங்கிலத்தில் 'பிரேக்' என்னும் ஒரே வினை உடைதலையும் உடைத்தலையும் குறிக்கிறது. 'தி பண்ட் புரோக்' என்றால் கரை உடைந்தது. 'தே புரோக் தி பண்ட்' என்றால் அவர்கள் கரையை உடைத்தனர். 'புரோக்' என்னும் சொல்லில் எம்மாற்றமும் இல்லை. சொற்கள் நிற்கும் இடமே பொருளை வேறுபடுத்துகிறது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய். வினைக்குப் பின்னால் நிற்பது செயப்படுபொருள். பர்ன், மெல்ட், டிரை, டர்ன், ஸ்டாப், க்ரோ முதலிய வினைகளும் இவ்வாறே இருபொருளுக்கும் ஒரு வடிவம் கொள்வன. அவற்றைத் தமிழாக்குவோர் ஒவ்வோர் இடத்திலும் எரிந்ததா, எரித்தனரா, உருகியதா, உருக்கினரா என முடிவுசெய்தே தீரவேண்டும்.

தமிழிலும் இவ்வாறு ஒரே வடிவில் இயங்கும் வினைகள் சில உள்ளன. 'கதவு திறந்தது', 'கதவைத் திறந்தது' என்னும் இரண்டிலும் வினைவடிவம் ஒன்றே. அங்கே 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபே பொருளைத் தெளிவாக்குகிறது. ஆங்கிலத்தில் சொல்நிற்கும் இடம் செய்யும் பணியைத் தமிழில் உருபு செய்கிறது. எனவேதான் 'வெள்ளம் கரையை உடைத்தது' என்பதைக் 'கரையை வெள்ளம் உடைத்தது' என மாற்றினும் தமிழில் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அவ்வாறு இடம் மாற்றினால் கரை வெள்ளத்தை உடைத்ததாகிவிடும்.

ஆங்கிலமும் முற்காலத்தில் தன்வினை, பிறவினை வேறுபாட்டை உயிரெழுத்து மாற்றத்தால் காட்டியதுண்டு. அதன் எச்சங்கள் இன்றும் உள்ளன. ரைஸ் என்பது எழுதல். ரெய்ஸ் என்பது எழுப்புதல். சிட் என்பது அமர்தல். செட் என்பது அமைத்தல். ஃபால் என்பது விழுதல். ஃபெல் என்பது மரத்தை வீழ்த்துதல். லை என்பது கிடத்தல்; லே என்பது கிடத்துதல். இவ்விணைகளில் ஆங்கிலேயரே குழம்புவதுண்டு. விழு, வீழ்த்து என்பவற்றை இயல்பாகப் பிரித்தாளும் தமிழ் மாணவர், இவற்றைப் பிறவினை இணைகளாகக் கருதிக் கற்றால் எளிதில் நினைவில் நிறுத்தலாம்.

இருமொழியிலும் ஒத்த பொருளுடைய வினைகள் எப்போதும் ஒரே வகையில் அமைவதில்லை என்பதையும் அறிதல் வேண்டும். தமிழில் 'கோவில்பட்டியை அடைந்தனர்' என 'ஐ' உருபும், 'கோவில்பட்டிக்கு வந்துசேர்ந்தனர்' எனக் 'கு' உருபும் வருகின்றன. ஆங்கிலத்தில் ரீச் என்னும் வினை முன்னதைப் போன்று நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும். அரைவ் என்னும் வினை பின்னதைப் போன்று முன்னிடைச்சொல் இன்றி இடப்பெயரை ஏற்காது. 'அதைப் பற்றி விவாதித்தனர்' என்னும் தமிழ் வழக்கைப் பின்பற்றி, டிஸ்கஸ் என்னும் வினைக்குப் பின் 'அபவுட்' சேர்ப்பது பலரிடம் காணப்படும் பிழை. டிஸ்கஸ் என்பது குன்றாவினை. பொருளை நேரடியாகவே ஏற்கும்.

வினைமுற்றில் வினைமுதல்

தமிழ் வினைமுற்றுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது திணை, பால், எண், இடம் ஆகியவற்றைத் தன் விகுதியால் காட்டும். 'உடைத்தது' என்றால் உடைத்தது வெள்ளமாகவோ விலங்காகவோ இருக்கலாம்; மனிதராக இருக்க இயலாது. 'உடைத்தனர்' என்றால் உடைத்தவர் மனிதரே, ஒருவருக்கு மேற்பட்டவர். எழுவாய் வெளிப்படையாக இல்லாத இடத்திலும் இயற்கையா, மனிதரா என்னும் வினாவுக்கு வினைமுற்றே விடை கூறிவிடுகிறது.

ஆங்கிலத்தின் 'புரோக்' இவற்றுள் எதனையும் காட்டாது. வெள்ளம், ஒருவன், ஒருத்தி, பலர் ஆகிய அனைவருக்கும் அதுவே வினை. ஆகவே ஆங்கிலத் தொடருக்கு எழுவாய் இன்றியமையாதது. தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட்டு எழுதும் பிழை, தாய்மொழி வினைமுற்றின் ஆற்றலால் நேர்வதாகும். தமிழில் விகுதி செய்யும் பணியை ஆங்கிலத்தில் எழுவாய்தான் செய்ய வேண்டும் என்று உணர்ந்தால் அப்பிழை நேராது.

ஏவியவர் யார்?

ஒருவர் தாமே செய்யாமல் பிறரைக்கொண்டு செய்விப்பதைக் காரணவினை என்பர். 'வி', 'பி' என்னும் விகுதிகளைச் சேர்த்துச் செய்வித்தார், நடப்பித்தார், வெட்டுவித்தார் எனக் கூறுவது பழைய மரபு. உடைக்கச் செய்தார், வெட்டவைத்தார் எனத் துணைவினை சேர்ப்பது இன்றைய வழக்கு. ஆங்கிலத்தில் மேக், ஹேவ், கெட் என்னும் வினைகள் இப்பணியைச் செய்கின்றன.

அன்றாட வழக்கில் காரணவினை பல நேரங்களில் மறைந்துவிடுகிறது. 'அவர் கிணறு வெட்டினார்' என்பர். மண்வெட்டி பிடித்தவர் அவரல்லர். கூலிக்கு வந்த தொழிலாளர். 'அவர் கிணறு வெட்டுவித்தார்' என்று கூறினால் வெட்டிய கைகள் வேறு என்பது விளங்கும். வரலாற்று நூல்களிலும் 'இராசராசன் கோவிலைக் கட்டினான்' என எழுதுவது இயல்பாகிவிட்டது. ஆனால் தஞ்சைப் பெரியகோவிலின் கல்வெட்டில் மன்னன் அக்கோவிலைத் தான் எடுப்பித்ததாகவே கூறுகிறான். எடுத்தவர்கள் சிற்பியரும் தொழிலாளரும், எடுப்பித்தவன் மன்னன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டுத் தமிழ் அவ்விருவரையும் வினையின் ஒரு விகுதியால் வேறுபடுத்திக் காட்டியது.

உழைத்தவருக்குரிய பெருமையை உரியவர்க்கு வழங்குவதும், தீங்கை ஏவியவரை விட்டு ஏவப்பட்டவரை மட்டும் குற்றஞ்சாட்டாமலிருப்பதும் காரணவினையைச் சரியாக ஆள்வதில் அடங்கியுள்ளன.

யாரால் என்னும் வினா

செயப்படுபொருளை எழுவாயாக்கி, செய்தவரைப் பின்னுக்குத் தள்ளுவது செயப்பாட்டுவினை. தமிழில் 'படு' என்னும் துணைவினையும் ஆங்கிலத்தில் 'பி' என்னும் துணைவினையும் இதற்குப் பயன்படுகின்றன. நெல்லைப் பகுதியில் இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், 1856 ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதனை ஆராய்ந்தார். திராவிட மொழிகளில் தனி வடிவமுடைய செயப்பாட்டுவினை இல்லை என்பதும், துணைவினைகளைக்கொண்டே அப்பொருள் பெறப்படுகிறது என்பதும் அவர் கருத்து.

தமிழின் பேச்சுவழக்கில் இன்றும் செயப்பாட்டுவினை அரிது. 'வீடு கட்டியாயிற்று', 'சோறு வடித்தாயிற்று' என்றே மக்கள் கூறுவர். செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கு மரபில் உள்ளதே எனத் தொல்காப்பியரும் வினையியலில் ஏற்றுக்கொள்கிறார். ஆங்கிலவழி வந்த அலுவலக நடையும் செய்தி நடையும் பரவிய பின்னரே 'தெரிவிக்கப்பட்டது', 'அறிவிக்கப்பட்டது' போன்றவை பெருகின.

செயப்பாட்டுவினை தவறான வழக்கு அன்று. 'கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது', 'கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது' ஆகிய தொடர்களில் நிலையமும் கடலைமிட்டாயுமே பேசுபொருள். தொடங்கியவரையோ வழங்கியவரையோ கூறாததால் படிப்பவருக்குக் குறையேதும் இல்லை. ஆனால் 'கரை உடைக்கப்பட்டது', 'நிதி செலவிடப்பட்டது', 'மனு நிராகரிக்கப்பட்டது' ஆகிய தொடர்களின் நிலை வேறு. அங்கே 'யாரால்?' என்னும் வினாவே முதன்மையானது. செயப்பாட்டுவினை அவ்வினாவுக்கு விடை தராமல் விலகிவிடக்கூடும். 'ப்பட்டது' என முடியும் தொடரைக் கண்டவுடன் 'யாரால்?' எனக் கேட்டுப் பார்ப்பது நல்ல வாசிப்புப் பழக்கமாகும்.

ஆங்கிலம் எழுதுவோர் இங்கே ஒரு வரையறையை நினைவில் கொள்ளவேண்டும். செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை. 'விபத்து நிகழ்ந்தது' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'வாஸ் ஹேப்பண்ட்' என்பது பிழை. 'ஹேப்பண்ட்' என்பதே சரி. தமிழில் 'விபத்து நிகழப்பட்டது' என எவரும் கூறுவதில்லை அன்றோ? ஐயம் எழும்போது தாய்மொழியில் பொருத்திப் பார்த்தால் இப்பிழையைத் தவிர்க்கலாம்.

செய்பவர் இல்லாத வினைகள்

எல்லா வினைகளும் செயலைக் குறிப்பன அல்ல. நிலையையும் உணர்வையும் குறிப்பனவும் உள்ளன.

மானாவாரி உழவர் பெரிதும் எதிர்நோக்கும் நிகழ்ச்சி மழை. தமிழில் 'மழை பெய்தது' என மழையே எழுவாய் ஆகிறது. 'விடிந்தது', 'இருட்டிவிட்டது' எனும்போது எழுவாயே தேவைப்படவில்லை. ஆங்கிலமோ எழுவாயின்றி இயங்காது. ஆதலால் 'இட் ரெய்ண்ட்' என, எப்பொருளையும் சுட்டாத 'இட்' என்னும் சொல்லை எழுவாய் இடத்தில் நிறுத்துகிறது. அவ்விடம் நிரம்ப வேண்டும் என்பதே அதன் பணி.

'கரிசல் மண் கரியது' என்பது தமிழில் முழுமையான தொடர். 'கரியது' என்பது காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்பு வினைமுற்று. 'அவர் உழவர்' என்னும் தொடரில் வினையே இல்லை; பெயரே பயனிலை. ஆங்கிலத்தில் இவ்விரண்டு இடங்களிலும் எழுவாயையும் பயனிலையையும் இணைக்கும் 'இஸ்' என்னும் வினை வேண்டும். பி, பிகம், சீம் முதலியன இவ்வகை இணைப்புவினைகள். தமிழ் மாணவர் 'இஸ்' சேர்க்க மறப்பதற்கும், தேவையற்ற இடத்தில் அதனைச் சேர்ப்பதற்கும் காரணம் இவ்வேறுபாடே.

அறிதல், விரும்புதல், தேவைப்படுதல் போன்ற நிலைவினைகளில் மற்றொரு வேறுபாடு தோன்றுகிறது. 'எனக்குத் தெரியும்', 'அவருக்குப் பிடிக்கும்', 'அவர்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு' எனத் தமிழில் உணர்பவரும் உடையவரும் நான்காம் வேற்றுமை ஏற்று வருகின்றனர். அறிவும் விருப்பமும் ஒருவர் செய்யும் செயல்களாக இன்றி, அவருக்கு வாய்க்கும் நிலைகளாகக் கருதப்படுகின்றன. ஆங்கிலத்தில் 'ஐ நோ' என அறிபவரே எழுவாய் ஆகிறார். ஆயினும் இவ்வினைகள் செயல் அல்ல என்பதை ஆங்கிலமும் மறக்கவில்லை. இவற்றைத் தொடர்நிகழ்காலத்தில் வழங்குவதில்லை. 'ஐ ஆம் நோயிங்' என்பது அதனாலேயே பிழையாகிறது.

துணைவினையும் உறுதிப்பாடும்

முதன்மைவினைக்குத் துணையாக வந்து காலம், ஆற்றல், கடமை, ஐயம் முதலியவற்றை உணர்த்துவது துணைவினை. தமிழில் அது முதன்மைவினைக்குப் பின்னும் ஆங்கிலத்தில் முன்னும் நிற்கும். ஆங்கிலத்தில் வினாத்தொடரும் எதிர்மறைத்தொடரும் பெரும்பாலும் 'டூ' என்னும் துணைவினையை வேண்டுவன. தமிழில் 'உடைத்தனரா?' என ஓர் ஆகாரமும் 'உடைக்கவில்லை' என ஓர் 'இல்லை'யும் அப்பணியை முடிக்கின்றன.

கூறுபவர் எவ்வளவு உறுதியாக அறிந்திருக்கிறார் என்பதையும் துணைவினை காட்டும். 'கரை உடைந்தது' என்பது கண்டவர் கூற்று. 'கரை உடைந்திருக்கலாம்' என்பது ஐயம். 'கரை உடைந்திருக்க வேண்டும்' என்பது சான்றுகளைக்கொண்டு கூறும் ஊகம்.

இவ்விடத்தில் ஆங்கிலம் தமிழைவிட நுட்பமாக வேறுபடுத்தும் ஒன்று உண்டு. 'கரையைப் பழுதுபார்த்திருக்க வேண்டும்' என்னும் தொடர் இருபொருள் தருவது. பழுதுபார்த்துள்ளனர் போலும் என்னும் ஊகமாகவும் கொள்ளலாம். பழுதுபார்க்கவேண்டிய கடமை இருந்தும் அதனைச் செய்யவில்லை என்னும் குறையாகவும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் முதற்பொருளுக்கு 'மஸ்ட் ஹேவ்', இரண்டாம் பொருளுக்கு 'ஷுட் ஹேவ்' என இரு வேறு துணைவினைகள் வழங்குகின்றன. ஒன்று பொறுப்பை நிறைவேற்றியதாகக் கருதுவது. மற்றொன்று பொறுப்பில் தவறியதாகக் கூறுவது. இதனைத் தமிழில் எழுதுவோர் 'பழுதுபார்த்திருக்கக்கூடும்' என்றோ 'பழுதுபார்க்கத் தவறினர்' என்றோ தெளிவுபடுத்துதல் நன்று. ஒரு மொழி எளிதில் காட்டுவதை மற்றொரு மொழி முயன்று காட்ட வேண்டியிருக்கும். இருமொழி கற்பவர் அம்முயற்சியை அறிந்தவராகிறார்.

ஒரு மனு, இரு வடிவங்கள்

மழைவெள்ளத்தில் பயிர் இழந்த ஊர் ஒன்று, மாவட்ட நிருவாகத்திற்கு மனு எழுதுவதாகக் கொள்ளலாம். பள்ளியில் பயிலும் மாணவர் ஒருவரே அதனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறார். அம்மனு பின்வருமாறு அமையலாம்.

'மழை பெய்தது. கண்மாய் நிரம்பியது. கரை உடைந்தது. பயிர் நீரில் மூழ்கியது.'

நான்கும் தன்வினைகள். இம்மனு எவர்மீதும் குற்றம் சுமத்தவில்லை. பேரிடருக்கான நிவாரணத்தை வேண்டுகிறது. அதே நிகழ்ச்சியை வேறொரு வகையிலும் எழுதலாம்.

'மழை பெய்தது. கண்மாய் நிரம்பியது. பொறுப்பிலிருந்தோர் மதகைத் திறக்கவில்லை. பழுதடைந்த கரையை முன்னரே செப்பனிடவில்லை. கரை உடைந்து பயிர் நீரில் மூழ்கியது.'

இங்கே 'திறக்கவில்லை', 'செப்பனிடவில்லை' என்னும் இரு குன்றாவினைகள் நடுவில் வந்துள்ளன. அவற்றுக்கு எழுவாயும் உண்டு, செயப்படுபொருளும் உண்டு. மனுவின் வேண்டுகோள் நிவாரணத்துடன் நிற்காமல் விசாரணைக்கும் விரிகிறது. இவ்விரு வடிவங்களுள் எது பொருந்தும் என்பதை அவ்வூரில் நடந்த உண்மையே முடிவுசெய்யும்; இலக்கணம் அதனை முடிவுசெய்ய இயலாது. நடந்ததை நடந்தவாறே எழுதும் கருவியை மட்டுமே இலக்கணம் வழங்குகிறது.

ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது அம்மாணவர் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'கரை உடைந்தது' என்பதற்கு 'தி பண்ட் புரோக்' என எழுதினால் பொருள் மாறாது. அதனையே 'தி பண்ட் வாஸ் புரோக்கன்' என எழுதினால், எவரோ உடைத்துவிட்டனர் என்னும் பொருளுக்கு இடமாகிவிடும். ஊரார் கூறாத குற்றச்சாட்டு ஒன்று மொழிபெயர்ப்பில் நுழைந்துவிடும். மாறாக, 'உடைத்தனர்' என ஊரார் கூறியதைப் 'புரோக்' எனத் தன்வினையாக்கினால், அவர்கள் கூறிய குற்றச்சாட்டு மறைந்துவிடும். ஒரு துணைவினையின் வரவும் நீக்கமும் ஓர் ஊரின் கூற்றையே மாற்றிவிடுகின்றன.

மனுக்கள், வாக்குமூலங்கள், செய்தி அறிக்கைகள், மருத்துவக் குறிப்புகள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றை எழுதுவோரும் படிப்போரும் நாள்தோறும் இத்தகைய தெரிவுகளைச் செய்கின்றனர். ஆங்கில வினைவகைகளைக் கற்கும் மாணவர் ஒவ்வொரு தொடரிலும் நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகலாம். இங்கே நிகழ்வது செயலா, நிலையா? செயலெனின் செய்தவர் யார்? எதனைச் செய்தார்? ஏவியவர் வேறு ஒருவர் உளரா? இந்நான்கிற்கும் விடை கண்டபின், உரிய வினைவகை எதுவெனத் தேர்வது எளிதாகும். கண்மாய்க்கரை உடைந்ததா, உடைத்தனரா என்பதைத் தாய்மொழியில் பிழையின்றிக் கூறத்தெரிந்த கரிசல் நிலத்து மாணவருக்கு அவ்வினாக்கள் புதியன அல்ல.

கற்பவை கற்றபின்

1. கடலைமிட்டாய் செய்தல், தீப்பெட்டி செய்தல், பருத்தி எடுத்தல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அத்தொழிலில் வழங்கும் தன்வினை, பிறவினை இணைகள் பத்தினைத் தொகுக்க. அவற்றுக்குரிய ஆங்கில வினைகள் ஒரே வடிவில் அமைகின்றனவா எனக் காண்க.

2. நாளிதழ்ச் செய்தி ஒன்றில் உள்ள செயப்பாட்டுவினைத் தொடர்களை எடுத்தெழுதுக. 'யாரால்?' என்னும் வினாவுக்கு விடை உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்து, விடை இல்லாத இடங்களில் அது தேவையா எனக் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரின் கண்மாய், குளம், கோவில், பள்ளி ஆகியவற்றுள் ஒன்றன் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டறிக. அதனை உருவாக்கியவர், உருவாக்குவித்தவர் ஆகிய இருவரும் விளங்குமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.